கூடை இறங்கும் தெருக்கள்

விடிய இன்னும் நேரம் இருக்கிறது. ரங்கப்பிள்ளை வீதியில் டாட்டா ஏஸ் வண்டிகள் பின்பக்கமாக ஊர்ந்து வந்து நிற்கின்றன. கதவு திறந்ததும் தக்காளிப் பெட்டிகள் இறங்குகின்றன. அவற்றுக்குப் பின்னால் கோஸ் மூட்டை, கேரட் மூட்டை, வெங்காயம். தலையில் சும்மாடு வைத்த ஆட்கள் “ஓரம், ஓரம்” என்று சொல்லிக்கொண்டே சந்துக்குள் நுழைகிறார்கள். எந்தக் கல் பெயர்ந்திருக்கிறது, எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது என்பதெல்லாம் இருட்டிலும் அவர்கள் கால்களுக்குத் தெரிந்திருக்கிறது.

புதுச்சேரியின் பெரிய மார்க்கெட் இது. நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவில் இருக்கிறது. 1963இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற எதுவார் குபேரின் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள். பகலில் வருகிற சுற்றுலாப் பயணிகள் பூக்கடைகளையும் மீன் வரிசையையும் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்கள் பார்க்காத மார்க்கெட் ஒன்று விடியற்காலையில் நடந்து முடிந்துவிடுகிறது. குருசுக்குப்பத்தில் இன்று என்ன குழம்பு, முத்தியால்பேட்டையில் எந்த வீட்டில் பொரியல் உண்டு, எந்த வீட்டில் வெறும் ரசம் என்பதெல்லாம் அநேகமாக அந்த இருட்டு நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது.

வாசலை ஒட்டிய நடைபாதையில் ஈரச்சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறார் ஒரு கீரைக்காரம்மா. பாகூர்ப் பக்கம். பங்காரு வாய்க்கால் கொண்டுவரும் தென்பெண்ணைத் தண்ணீரில் ஏரி நிறைந்து, நெல் விளையும் பூமி அது. நெல்லுக்குப் போக மீந்த ஓரங்களிலும் கொல்லைகளிலும் வளர்ந்ததுதான் அவர் கூடையில் இருக்கிறது. அரைக்கீரை, சிறுகீரை, மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி. நேற்று சாயந்தரம் பறித்து, வாழைநாரில் கட்டி, இரவெல்லாம் ஈரத்துணி போர்த்தி வைத்தவை. அவரிடம் தராசு இல்லை. கட்டுதான் கணக்கு.

முதலில் ஓட்டல்காரர் ஒருவர் வருகிறார். பேரம் பேசாமல் ஒரு சாக்கு நிறைய எடுத்துக்கொண்டு போகிறார். அடுத்து தெருத்தெருவாகக் கூடை சுமக்கும் பெண்கள் வருகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் காசு கொடுப்பதில்லை. “சாயங்காலம் வரேன் எக்கா” என்று கட்டுகளை எண்ணி அடுக்குகிறார்கள். கீரைக்காரம்மா எதையும் எழுதிக்கொள்வதில்லை, முகத்தைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுகிறார். வெளிச்சம் வந்த பிறகு தெரு ஆட்கள் வருகிறார்கள், ஒருவர் ஒருவராக.

வேட்டியும் பழைய கைப்பையுமாக ஒரு பெரியவர் வந்து நிற்கிறார். மணத்தக்காளிக் கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைக்கிறார். மறுபடி தொடுகிறார்.

“ஒத்த ஆளுக்கு எதுக்குய்யா முழுக்கட்டு? தோ, இரு.”

கீரைக்காரம்மா வாழைநாரை அவிழ்க்கிறார். கட்டைச் சரிபாதியாகப் பிரிக்கிறார். ஒரு பாதியைப் பழைய நாரால் கட்டுகிறார், மறுபாதிக்குக் கூடை விளிம்பிலிருந்து புது நார் கிழிக்கிறார். பெரியவரின் பாதியில் ஒரு கொத்து கறிவேப்பிலையையும் செருகுகிறார். பெரியவர் சில்லறையைக் கொடுத்துவிட்டு நகர்கிறார். எல்லாம் அரை நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது.

அந்த அரை நிமிஷத்தில் நடந்தது சாதாரண விஷயமில்லை. தனியாக வாழும் ஒரு முதியவர் இன்று கீரை சாப்பிடப் போகிறார். குளிர்சாதனக் கடையில் பிளாஸ்டிக் உறையில் அடைத்து வைத்த கட்டை யாரும் அவருக்காகப் பிரித்துக் கொடுக்க மாட்டார்கள். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாதவருக்கு மலிவு விலையில் இரண்டு கிலோ கிடைத்தாலும் அது பாதி குப்பைக்குத்தான். ஏழைக்கு வேண்டியது கால் கிலோ, கைப்பிடி, மூன்று தக்காளி. அந்த அளவில் விற்கத் தெரிந்தவர்கள் இந்த நடைபாதையில்தான் இருக்கிறார்கள்.

உணவு கிடைக்காத குடியிருப்புகளைப் பற்றி மேல்நாடுகளில் நிறைய எழுதுகிறார்கள். அமெரிக்க நகரங்களில், கார் இல்லாதவர் நடந்துபோய் ஒரு புதுக் காய் வாங்க முடியாத பேட்டைகள் இருக்கின்றன. அங்கே சிகாகோவிலிருந்து ஜான் கிரெட்ஸ்மன், ஜான் மெக்நைட் என்ற இருவர் 1993இல் ஒரு கையேடு எழுதினார்கள். ஒரு பேட்டையைச் சீர்திருத்தப் போகிறவர் அங்கே என்ன இல்லை என்று கணக்கெடுப்பதற்கு முன், யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன தெரியும் என்று கணக்கெடுக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். புதுச்சேரியில் அந்தக் கணக்கைத் தொடங்க இந்த மார்க்கெட் வாசலைவிட நல்ல இடம் இல்லை.

சூரியன் ஏறும்போது மீன் வரிசை சூடுபிடிக்கிறது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்தும், வீராம்பட்டினம், வைத்திக்குப்பம் கரைகளில் ஒதுங்கும் ஃபைபர் படகுகளிலிருந்தும் வந்த மீன். வஞ்சிரம் ஒரு பக்கம் கம்பீரமாகக் கிடக்கிறது. அதைக் கேட்கிறவர்கள் காரில் வந்தவர்கள். கூட்டம் கவளைக்கும் காணாங்கெளுத்திக்கும்தான். அரிவாள்மனையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண் வேறெங்கோ இருக்க, கை மட்டும் செதிலைச் சீவுகிறது. தலை, குடல், செவுள் தனியே. கழுவிக் கொடுக்கும்போது குழம்புத் துண்டும் வறுவல் துண்டும் பிரிந்தே இருக்கின்றன. கேட்டு வெட்டியது இல்லை. வாங்கிய பெண்ணின் வீட்டில் எத்தனை பேர் என்று தெரிந்து வெட்டியது.

மார்க்கெட்டில் உட்காராத மீனவப் பெண்கள் அன்னக்கூடையோடு ஆளுக்கொரு பக்கம் கிளம்புகிறார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு ஆட்டோ. ஆட்டோக்காரர் முகம் சுளிப்பதில்லை, தினசரி சவாரி. அவர்களில் ஒருவர் குருசுக்குப்பத்துச் சந்தொன்றில் இறங்குகிறார். ஐம்பது வயதைத் தாண்டியவர். கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு முதல் வீட்டு வாசலில் நிற்பதற்குள்ளாகவே குரல் தெருக்கோடிக்குப் போய்விடுகிறது.

அவருடைய வழித்தடத்தைத் தள்ளி நின்று பார்த்தால் ஒன்று விளங்குகிறது. அவர் மீனை மட்டும் சுமந்து வரவில்லை. எந்த வீட்டுக்கு முதியோர் பென்ஷன் எப்போது வரும், எந்த வீட்டு ஆள் வேலைக்குப் போய் எத்தனை நாள் ஆயிற்று, எந்த வீட்டில் பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் சொல்தா ஆயா படுக்கையில் இருக்கிறார், எல்லாம் அவருக்குத் தெரியும். பச்சைக் கதவு வீட்டில் கடன். அடுத்த வீட்டில் பழைய பாக்கி வசூல். அதற்கடுத்த வீட்டில் கூடை இறங்கவே இல்லை. வாசலில் நிற்கும் நடுவயதுப் பெண் கூடைக்குள் எட்டிப் பார்க்கிறார்.

“இன்னா எக்கா, சங்கரா நல்லா இருக்கா?”

“ஒனக்கு வோணாம்மா. அது ஐஸ் மீனு. பிள்ள பெத்தவ இருக்கா இல்ல ஊட்ல? நாளைக்கிப் பால் சுறா வந்தா எடுத்தாறேன். புட்டு செஞ்சு குடு, பால் நல்லா ஊறும்.”

விற்கும் சரக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடக்கிறார். நாளை இதே தெருவுக்கு வர வேண்டியவர், நாளை மறுநாளும் வர வேண்டியவர். பொய் சொல்லி விற்றால் அந்த வாசல் அவருக்கு மூடிவிடும். தினமும் முகம் பார்த்து விற்பதில்தான் அந்த நேர்மை நிற்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக. அந்த நாட்களில் நாட்டுப் படகு கொண்டுவரும் கொஞ்சம் மீனுக்குப் போட்டி அதிகம், விலையும் ஏறும். கூடையில் அப்போது கருவாடு இடம் பிடிக்கிறது. நெத்திலிக் கருவாடு, வாளைக் கருவாடு. பத்து ரூபாய்க்கு ஒரு கை. கத்தரிக்காயோடு போட்டால் ஒரு வீட்டுக்கு ஒரு வேளைக் குழம்பு ஆயிற்று. கடல் தராத நாளுக்கும் இந்தப் பெண்கள் வெயிலில் உலர்த்திச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாஸ்பேட்டைப் பக்கம் அரசு நவீன மீன் அங்காடி ஒன்றைக் கட்டியது. பெரிய மார்க்கெட்டின் மீன் வியாபாரத்தை அங்கே கொண்டுபோக முயன்றபோது மீனவப் பெண்கள் எதிர்த்தார்கள். சுத்தமான கட்டடத்தை ஏன் எதிர்க்கிறார்கள் என்று வெளியில் இருந்து கேட்பது எளிது. குருசுக்குப்பத்துக்கும் வைத்திக்குப்பத்துக்கும் பக்கத்தில் ஏலம் நடந்தால்தான் இந்தக் கூடை பத்து மணிக்குள் வாசலுக்கு வரும். தூரம் கூடினால் ஆட்டோக் காசு கூடும், ஆட்டோக் காசு கூடினால் கவளையின் விலை ஏறும், ஏறினால் பச்சைக் கதவு வீடு வாங்காது. அந்தப் பெண்கள் காத்தது தங்கள் பிழைப்பை மட்டுமல்ல, அந்த வீடுகளின் சட்டியையும்தான்.

இந்த ஊருக்கு உணவு எப்படி வந்து சேர்கிறது என்பது விளையாட்டுக் காரியம் அல்ல. பாண்டிச்சேரி ஒருமுறை பசியாலேயே விழுந்த ஊர். 1760இல் ஆங்கிலேயர் தரைவழியிலும் கடல்வழியிலும் முற்றுகையிட்டு உணவை நிறுத்தினார்கள். கோட்டைக்குள் தானியம் குறைந்தபோது, தின்னும் வாய்களைக் குறைக்கத் தமிழ்க் குடிமக்களை வெளியே துரத்தினார் பிரெஞ்சுத் தளபதி லாலி. வெளியே போனவர்களை ஆங்கிலேயப் படை தன் எல்லைக்குள் விடவில்லை. இரு படைக்கும் நடுவில், திறந்த வெளியில், பட்டினியாகக் கிடந்தார்கள் அந்த மக்கள். 1761 ஜனவரி மத்தியில் உணவு தீர்ந்து ஊர் சரணடைந்தது. 1736 முதல் தன் நாட்குறிப்பில் இந்த ஊரின் நல்லது கெட்டதை எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை அதே மாதத்தில்தான் மறைந்தார். அவர் கட்டிய வீடு இன்றும் ரங்கப்பிள்ளை வீதியில், இந்த மார்க்கெட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. அதன் முன்னால்தான் தக்காளிப் பெட்டிகள் போகின்றன.

பகல் பதினொரு மணி. முத்தியால்பேட்டையில் ஒரு ரேஷன் கடை. கடைக்கு முன் நிழல் இல்லை. அரிசி வந்திருக்கிறது என்று தெருவில் யாரோ சொல்லிவிட, பைகளோடு பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களின் சிவப்பு கார்டு ஒரு பக்கம், மற்றவர்களின் மஞ்சள் கார்டு ஒரு பக்கம் என்று தாங்களாகவே பிரிந்து நிற்கிறார்கள். கைரேகை இயந்திரம் ஓர் ஆயாவின் விரலை ஏற்க மறுக்கிறது. விரலைச் சேலையில் துடைக்கிறார், மறுபடி வைக்கிறார். ஆயுள் முழுக்கப் பாத்திரம் தேய்த்த விரல், ரேகை தேய்ந்துவிட்டது. பின்னால் நிற்கும் பெண், “அடுத்த விரல வை ஆயா” என்கிறாள். நான்காவது விரலுக்கு இயந்திரம் சம்மதிக்கிறது. வரிசையே மூச்சு விடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இந்தக் கடைகள் பூட்டிக் கிடந்தன. 2015 செப்டம்பரில், ரேஷன் தானியத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் முறையை நாட்டிலேயே முதலில் சோதித்துப் பார்த்த இடங்கள் சண்டீகரும் புதுச்சேரியும். பின்னாளில் புதுச்சேரி அரசின் இலவச அரிசியும் பணமானது. சிவப்பு கார்டுக்கு 20 கிலோவின் விலையாக 600 ரூபாய், மஞ்சள் கார்டுக்கு 10 கிலோவுக்கு 300 ரூபாய். அரிசியா பணமா என்ற வழக்கு அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் முதலமைச்சர் நாராயணசாமிக்கும் இடையே முற்றி, உயர்நீதிமன்றம் வரை போனது. கடை ஊழியர்கள் சம்பளம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள்.

பணம் கொடுப்பது தவறு என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். நிதி ஆயோக்குக்காகப் பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் சக ஆய்வாளர்களும் இந்த யூனியன் பிரதேசங்களில் வீடு வீடாகக் கேட்டுப் பதிவு செய்தார்கள். தொடக்கத்தில் பலர் பணம் வந்ததே தெரியாமல் இருந்தார்கள். வங்கிக்கு நடக்கும் நடை, எடுத்த பணத்தோடு கடைக்குப் போகும் நடை எல்லாம் சேர்த்தால் பழைய ரேஷனைவிடச் செலவும் நேரமும் கூடியதாக அவர்கள் கண்டார்கள். முறை பழகப் பழகப் பணமே பரவாயில்லை என்றவர்களும் கூடினார்கள். ஆனால் அந்த வரிசையில் நிற்கும் பெண்களுக்கு 600 ரூபாய் வேறு, 20 கிலோ அரிசி வேறு. பணம் வந்த அன்றே அதற்கு நாலு பேர் கை நீட்டுவார்கள். டாஸ்மாக் இல்லாத இந்த ஊரில் சாராயக் கடைக்குக் குறைச்சல் இல்லை. அரிசி மூட்டை வீட்டுக்குள் வந்துவிட்டால் அது பிள்ளைகளின் வயிற்றுக்குத்தான் போகும்.

2024 அக்டோபரில், தீபாவளிக்கு முன்னால், கடைகள் மறுபடி திறந்தன. கார்டுக்கு 10 கிலோ அரிசியும் 2 கிலோ சர்க்கரையும் இலவசமாகக் கொடுத்து முதலமைச்சர் ரங்கசாமியின் அரசு அதைத் தொடங்கியது. அடுத்த மாதக் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர்ப் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். அரசின் 5,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கார்டை வைத்துத்தான் கணக்கிடப்பட்டது. இந்த ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை நிர்வாகம் அறிய அந்தச் சிவப்பும் மஞ்சளுமான அட்டைதான் வழி. தெருவுக்குத் தெரு கடையும், எடை போடத் தெரிந்த ஊழியரும், கார்டு வரிசையும் ஏற்கெனவே இருக்கின்றன. அதே கடையில் மாதத்தில் ஒரு நாள் பருப்பும் எண்ணெயும் நியாயமான விலைக்குக் கிடைத்தால் எத்தனை அடுப்புகள் நிம்மதியாக எரியும். அதற்குப் புதுக் கட்டடம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

கூட்டுறவுப் பால் நிறுவனமான பாண்லேயின் பூத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிராமத்து மாட்டுக்காரர்கள் சங்கத்தில் ஊற்றும் பால் குருமாம்பேட் ஆலைக்குப் போய், உறையில் ஏறி, மறுநாள் விடியலில் இந்த நீல நிறக் கூண்டுகளுக்கு வருகிறது. பால் விற்றது போக அந்தக் கூண்டுகளுக்குப் பகலெல்லாம் வேலை குறைவு. ஒரு பூத்தின் ஓரத்தில் வாழைப்பழக்காரர் ஒருவர் தார் தொங்கவிட்டிருக்கிறார். இன்னொன்றின் நிழலில் முட்டைக்காரர். பூத்துக்காரர் யாரையும் விரட்டவில்லை, பால் வாங்க வந்தவர்கள் பழமும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். பாகூர்க் கீரைக்கும் அங்கே ஓர் ஓரம் கிடைத்தால் மார்க்கெட் வரை நடக்க முடியாத வயசாளிகள் எத்தனையோ பேருக்கு உதவும்.

2020இல் ஊரடங்கு வந்தபோது பெரிய மார்க்கெட்டின் காய்கறிக் கடைகள் புதிய பஸ் ஸ்டாண்டுக்கு மாறின. இடைவெளி விட்டு விற்க அந்தத் திடல் வசதியாக இருந்தது. ஆனால் நடக்க மாட்டாதவர்களின் வாசலுக்குக் காய் போனது தள்ளுவண்டியிலும் கூடையிலும்தான். அந்த ஆண்டு ஜூனில்தான் தெருவோர வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய் வங்கிக் கடன் தரும் மத்திய அரசின் ஸ்வநிதி திட்டமும் வந்தது. அதற்கு முன்பே, 2014இல், தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்துவிட்டது. நகர விற்பனைக் குழுவில் பத்துக்கு நான்கு பேராவது வியாபாரிகளாகவே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம்.

சட்டம் அப்படி இருக்க, நடைபாதையில் பேச்சு வேறாக இருக்கிறது. மதிய வெயிலில் வியாபாரம் ஓய்ந்த நேரம், இரண்டு பெண்கள் வெற்றிலை மடித்துக்கொண்டு தண்டல் கடனைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். கையில் கிடைப்பது 8,500. நாளுக்கு நூறு ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். “பேங்க்ல போயி நின்னா, அதக் கொண்டா இதக் கொண்டான்றாங்க. தண்டல்காரன் இங்கியே வந்து குடுக்கறான்” என்கிறார் ஒருவர். மற்றவர் பதில் சொல்லவில்லை. முந்தானையில் முடிந்திருந்த நோட்டுகளை எடுத்து எண்ணி, ஒரு நூறை மட்டும் தனியாக இடுப்பில் செருகிக்கொள்கிறார். இந்த வட்டியும் கீரைக்கட்டின் விலையில்தான் சேர்கிறது. அதைக் கட்டுகிறவர் கைப்பையோடு வந்த அந்தப் பெரியவர். வங்கி ஊழியர் ஒருவர் மாதத்தில் இரண்டு விடியற்காலை இந்த வாசலில் வந்து உட்கார்ந்தால் கீரையின் விலை குறையும். நான் இதை உவமையாகச் சொல்லவில்லை, கணக்காகவே சொல்கிறேன்.

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் மார்க்கெட்டை இடித்துக் கட்டும் யோசனை வந்தபோது வியாபாரிகள் மறுத்தார்கள். மொத்தமாக வெளியேற மாட்டோம், பகுதி பகுதியாகச் சீர் செய்யுங்கள் என்றார்கள். கூரை ஒழுகுகிறது, கால்வாய் அடைத்துக் கிடக்கிறது, பெண்களுக்குக் கழிப்பறை போதவில்லை. இதையெல்லாம் அவர்களே எல்லாரையும்விட உரக்கச் சொல்கிறார்கள். வேலை செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. ஆனால் கடை எண் உள்ளவர்களுக்கு மாற்று இடம் என்று ஒரு பட்டியல் போட்டால், ஈரச்சாக்கு விரித்து உட்காருகிறவர் பட்டியலில் வர மாட்டார், அவருக்குக் கடை எண் கிடையாது. கூடைக்காரப் பெண்கள் விடியற்காலையில் கடனுக்குச் சரக்கு எடுப்பது அவரிடம். அவர் நகர்ந்தால் முத்தியால்பேட்டை, சோலை நகர், வைத்திக்குப்பம் வரை கூடைகள் கிளம்பாமல் நின்றுபோகும். வரைபடம் போடுகிற பொறியாளர் ஒரு விடியற்காலை இங்கே வந்து நின்று, யாரிடமிருந்து யாருக்குச் சரக்கு போகிறது என்று பென்சிலால் கோடு இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு தூண் எங்கே வருவது என்று முடிவு செய்யட்டும்.

சாயந்தரம் ஆறு மணிக்கு மேல் மார்க்கெட்டில் விலை தளர்கிறது. காலையில் கிலோக் கணக்கில் விற்ற தக்காளி இப்போது கூறு. நசுங்கியதும் கனிந்ததும் கலந்து ஒரு கூறு பத்து ரூபாய். இந்த நேரத்துக்கென்றே வருகிறவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் முத்தியால்பேட்டையில் வீட்டு வாசலிலேயே இட்லி ஊற்றும் பெண். கூறுகளை மொத்தமாக வாங்கி, வாடிய கொத்தமல்லியையும் கொசுறாகப் பெற்றுக்கொண்டு, சைக்கிளில் மாட்டி மகனை ஓட்டச் சொல்கிறார். மார்க்கெட்டில் குப்பைக்குப் போக வேண்டியது எட்டு மணிக்குள் சட்னியாகிவிடும்.

அந்த வாசலில் ஒரு மண்ணெண்ணெய் டின்மேல் பலகை போட்ட மேசை, இரண்டு இட்லிப் பானை. மூன்று சாம்பார் வாளி. யாரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. சுவரில் சாய்ந்தோ, டூவீலர்மேல் சாய்ந்தோ சாப்பிடுகிறார்கள். கொத்தனார் வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன்கள், கடையில் நின்று கால் வீங்கிய விற்பனைப் பெண்கள், மனைவியை இழந்த ஒரு முன்னாள் ஆலைத் தொழிலாளி. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் தட்டை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு வருகிறார்கள். மதியம் அந்தக் குழந்தைகளுக்குப் பள்ளியில் சாப்பாடு உண்டு. பிரெஞ்சு நிர்வாகம் 1930இலேயே இங்கே தொடங்கிய வழக்கம் அது. இரவுக்கு இந்த வாசல்.

வேலை முடிந்து திரும்பும் பெண் ஒருத்தி பர்ஸைத் திறந்து பார்த்துவிட்டுத் தயங்குகிறாள்.

“இன்னா யோசிக்கிற? புள்ளைங்களுக்கு ஆறு எடுத்துக்கோ. சம்பளம் வந்தா குடு.”

ஆறு என்று சொல்லிவிட்டு எட்டு வைக்கிறார். பொட்டலத்தின்மேல் சட்னிப் பையைக் கட்டும்போது முகத்தைப் பார்க்கவில்லை. வாங்குகிறவள் கூச வேண்டாம் என்று.

மணி ஒன்பதரை. இரண்டாவது பானையும் காலி. அப்போதுதான் ஒரு இளைஞன் மூச்சு வாங்க வந்து நிற்கிறான். கோரிமேட்டு ஜிப்மரில் அப்பாவைச் சேர்த்திருக்கிறானாம், திண்டிவனம் பக்கத்து ஊராம். அத்தை வீட்டில் படுக்க வந்தவன், அவர்களுக்குச் சிரமம் கொடுக்க வேண்டாமென்று வெளியிலேயே சாப்பிட்டுவிட்டுப் போக நினைத்தானாம்.

இட்லிக்காரம்மா மாவுச் சட்டியைச் சாய்த்துக் காட்டுகிறார்.

“தீந்துபோச்சேப்பா. தோ, அந்த லைட்டு கம்பம் தாண்டி நாலாவது வூடு. அங்க ஒரு அக்கா தோசை ஊத்தறாங்க, பத்து மணி வரைக்கும் இருக்கும். நான் அனுப்பினேன்னு சொல்லு, கார சட்னி வெச்சிக் குடுப்பாங்க. நாளைக்கி வரதுனா எட்டு மணிக்கே வந்துடு, ஒனக்கு எடுத்து வெச்சிடறேன்.”